பட்டறைக்கு எந்தப் பாதுகாப்புக் காலணி? சோலிலிருந்து தொடங்கும் ஓர் ஒப்பீடு

மதுரையில் பாதுகாப்புக் காலணி வாங்க வருபவர் கடைக்காரரிடம் பெரும்பாலும் முதலில் கேட்பது, "ஸ்டீல் டோ இருக்கிறதா?" என்பதுதான். கடைக்காரரும் காலணியின் முனையை மேசைமேல் இரண்டு தட்டுத் தட்டி, உள்ளே இரும்பு இருப்பதைக் காட்டிவிட்டு விலையைச் சொல்லிவிடுகிறார். விரல்மேல் கனமான பொருள் விழுவது கொடிய விபத்து என்பதில் ஐயமில்லை. ஆயினும் கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைகளின் சிறு பட்டறைகளிலும், ஊரைச் சுற்றி எழும்பும் கட்டடங்களிலும், செல்லூர்ப் பக்கத்துச் சாயப் பட்டறைகளிலும் பாதத்துக்கு நாள்தோறும் நேரும் ஆபத்துகளை வரிசைப்படுத்தினால், எண்ணெயிலும் தண்ணீரிலும் வழுக்குதல், ஆணி ஏறுதல், சூடான துணுக்கை மிதித்தல் ஆகிய எல்லாமே காலுக்கு அடியிலிருந்து வருபவையாக இருக்கின்றன. ஆகவே காலணியை முனையிலிருந்து அல்லாமல் சோலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து. அந்த வரிசையிலேயே இந்த ஒப்பீட்டைச் செய்கிறேன்.

அதற்கு முன் முத்திரையைப் பற்றிச் சிறிது பேசவேண்டும். இந்தியாவில் இவ்வகைக் காலணிகளுக்கான தர நிர்ணயம் ஐ.எஸ். 15298. இதன் முதல் பகுதி சோதனை முறைகளைச் சொல்வது. வாங்குபவருக்கு வேண்டியவை மற்ற மூன்று. இரண்டாம் பகுதியின்படி செய்யப்பட்ட காலணியின் விரல் கவசம் 200 ஜூல் மோதலைத் தாங்கவேண்டும். அதாவது 20 கிலோ எடை ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும், 8-ஆம் அளவுக் காலணியில் கவசத்துக்கு அடியில் குறைந்தது 14 மில்லிமீட்டர் இடைவெளி எஞ்சியிருக்கவேண்டும். மூன்றாம் பகுதியில் இந்தத் தாங்குதிறன் 100 ஜூல். நான்காம் பகுதியில் விரல் கவசம் கட்டாயமே இல்லை. வழுக்காமை, எண்ணெய் தாங்குதல் போன்றவை மட்டும் பார்க்கப்படும். 2020-இல் வெளியான தரக்கட்டுப்பாட்டு ஆணை இக்காலணிகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கியது. காலணியின் நாக்கிலோ உட்புறத்திலோ அச்சிட்டிருக்கும் சி.எம்./எல். என்ற உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டால், அந்த உரிமம் யாருடையது, நடப்பில் உள்ளதா என்பது தெரிந்துவிடும். முத்திரை மட்டும் இருந்து எண் இல்லாத காலணி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதை ஒப்பீட்டில் சேர்க்கவே வேண்டாம்.

இனி சோல். சந்தையில் பரவலாகக் கிடைப்பவை பி.யு. எனப்படும் பாலியூரித்தேன் சோல், நைட்ரைல் ரப்பர் சோல், பி.வி.சி. சோல் ஆகிய மூன்று. பி.யு. சோல் எடை குறைந்தது. உள்ளே மென்மையாகவும் வெளியே கெட்டியாகவும் இரட்டை அடர்த்தியில் வார்க்கப்பட்டிருந்தால், சிமென்ட் தரையில் எட்டு மணி நேரம் நிற்பவருக்குக் குதிகால் வலி குறையும். எந்திர எண்ணெயையும் நன்றாகவே தாங்கும். லேத் பட்டறைக்கும் கிடங்குக்கும் வண்டிப் பழுது பார்க்கும் இடத்துக்கும் இதுவே பொருத்தம். ஆனால் இதற்கு இரண்டு பகைகள் உண்டு. ஒன்று சூடு. வெல்டிங் பொறியோ, அறுத்துப் போட்ட சூடான கம்பித் துண்டோ பட்டால் பி.யு. உருகிக் குழி விழும். மற்றொன்று ஈரக்காற்று. பி.யு. காலப்போக்கில் ஈரத்தை வாங்கித் தானாகவே சிதையும் இயல்புடையது. சலுகை விலையில் கிடைக்கிறதென்று மொத்தமாக வாங்கி அட்டைப்பெட்டியிலேயே சில ஆண்டுகள் பூட்டி வைத்த காலணி, புதிதாகக் காலில் ஏறிய வாரமே சோல் பொடிப்பொடியாக உதிர்வதற்கு இதுவே காரணம். தையல் விட்டுப்போயிற்று, பசை சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோர் உண்டு. பெரும்பாலும் கோளாறு சோலின் வயதில் இருக்கிறது. தயாரிப்பு ஆண்டும் காலாண்டும் காலணியில் குறிக்கப்பட்டிருக்கவேண்டும் என்பது தரவிதி. வாங்கும்போது அதைப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

நைட்ரைல் ரப்பர் சோல் கனமானது, விலையும் கூடுதல். எனினும் எச்.ஆர்.ஓ. என்ற குறியீடு பெற்ற சோல், 300 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு நிமிடம் வைத்தாலும் உருகாமலும் வெடிக்காமலும் இருப்பதாகச் சோதிக்கப்பட்டது. வெல்டிங், கேஸ் கட்டிங், தார் போடும் வேலை, அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கும் வேலை ஆகியவற்றுக்கு இதைவிட்டால் வேறு வழியில்லை. சித்திரையில் மதுரை வெயில் 40 டிகிரியைத் தொடுவதும் தாண்டுவதுமாக இருக்கும்போது, தகரக் கூரைமேல் நின்று வேலை செய்பவரையும் இந்தப் பட்டியலில் சேர்க்கலாமே என்று தோன்றும். ஆனால் வெயிலில் காய்ந்த தகரத்தின் சூடு பி.யு.வை உருக்கும் அளவுக்குப் போவதில்லை. அங்கே முதல் ஆபத்து வழுக்கி விழுவது. எனவே கூரை வேலைக்கு எடை குறைந்த, நன்றாகப் பிடிக்கும் சோலே மேல்.

பி.வி.சி. சோல் போட்ட தோல் காலணிகள் விலை குறைவு என்பதற்காகவே வாங்கப்படுகின்றன. தரத்துக்கு உட்பட்டுச் செய்யப்பட்டவை மோசமானவை என்று சொல்ல முடியாது. ஆனால் சூட்டில் இளகும், பி.யு.வைவிடக் கனம், நாள்முழுதும் நிற்பவருக்கு இதமும் இல்லை. சில மணி நேரம் மட்டும் பட்டறைக்குள் வந்துபோகும் மேற்பார்வையாளருக்கு வாங்கலாம்.

வழுக்காமைக்குத் தனியாகக் குறியீடு பார்க்கவேண்டும். சோப்புத் தண்ணீர் ஊற்றிய பீங்கான் ஓட்டில் சோதித்தது எஸ்.ஆர்.ஏ.; கிளிசரின் தடவிய இரும்புத் தகட்டில் சோதித்தது எஸ்.ஆர்.பி.; இரண்டிலும் தேறியது எஸ்.ஆர்.சி. 2022-இல் திருத்தப்பட்ட உலகத் தரத்தில் இந்த மூன்று குறியீடுகளும் நீக்கப்பட்டு, அடிப்படை வழுக்காமை எல்லாக் காலணிகளுக்கும் கட்டாயமாகி, கிளிசரின் சோதனையிலும் தேறியவற்றுக்கு மட்டும் எஸ்.ஆர். என்று இடப்படுகிறது. கடைகளில் இரண்டு வகைக் குறியீடும் கண்ணில் படலாம். மாட்டுத்தாவணிக் காய்கறிச் சந்தையில் அழுகிய தழையும் தண்ணீரும் மிதிபடும் தரையில் தலைச்சுமையோடு நடக்கும் சுமைதூக்கும் தொழிலாளிக்கு, 200 ஜூல் கவசத்தைவிட இந்த எழுத்துகளே முக்கியம். மூட்டையோடு வழுக்கினால் அடிபடுவது விரலில் அன்று, இடுப்பிலும் முதுகிலும். அவருக்கு நான்காம் பகுதியின்படி செய்த, கவசமில்லாத, எஸ்.ஆர்.சி. குறியீடு பெற்ற காலணி போதும். இரும்பு முனை அவருக்கு வீண் சுமை.

ஆணியைப் பற்றிப் பேசினால் கட்டட வேலைக்கு வரவேண்டும். சென்ட்ரிங் பிரித்தபின் ஆணியோடு கிடக்கும் பலகைகளைக் கொத்தனாரும் சித்தாளும் ரப்பர்ச் செருப்போடு மிதித்து நடக்கும் காட்சி நம் ஊரில் எந்தத் தெருவிலும் காணக்கூடியது. துருப்பிடித்த ஆணி ஏறிய காலுக்கு டி.டி. ஊசி போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்கு வருவதும் அப்படியே. இங்கே விரல் கவசத்துக்கு முன்னால் பார்க்கவேண்டியது நடுத்தகடு, அதாவது ஆணி ஏறாமல் தடுக்கச் சோலுக்குள் வைக்கும் தகடு. இதில் இரும்புத் தகடு, நெய்த செயற்கை இழைத் தகடு என இரு வகைகள் உள்ளன. இரண்டும் 1100 நியூட்டன் அழுத்தத்தில் சோதிக்கப்படுபவை. இரும்புத் தகடு மெல்லிய ஆணியையும் நன்றாகத் தடுக்கும். ஆனால் வளையாது, சூட்டைக் கடத்தும், பாதத்தின் விளிம்புவரை மூடுவதில்லை. இழைத் தகடு எடை குறைந்தது, காலோடு வளையும், உள்ளங்காலை விளிம்புவரை மூடும். ஆனால் மிக மெல்லிய ஆணி இழைகளுக்கிடையே நுழைந்துவிட வாய்ப்பு இருக்கிறது. புதிய உலகத் தரம் இதைக் கருத்தில் கொண்டு, 4.5 மில்லிமீட்டர் ஆணியால் சோதித்த இழைத் தகட்டுக்கு பி.எல். என்றும், 3 மில்லிமீட்டர் ஆணியால் சோதித்ததற்கு பி.எஸ். என்றும் பிரித்துவிட்டது. சென்ட்ரிங் வேலையில் புழங்கும் ஆணிகள் மெல்லியவை. ஆகவே கட்டடத் தொழிலாளிக்கு இரும்புத் தகடு, அல்லது பி.எஸ். குறியீடுள்ள இழைத் தகடு என்பதே என் தேர்வு. லேத் பட்டறையில் சிதறும் இரும்புச் சீவலுக்கு எந்தத் தகடும் போதும்.

இனித்தான் விரல் கவசம். இரும்புக் கவசம் மெலிதாக இருந்தே வலிமை தரும்; அதனால் காலணியின் முனை பருத்துத் தெரியாது. கண்ணாடி இழை போன்றவற்றால் ஆன காம்போசிட் கவசம் எடை குறைவு, சூட்டைக் கடத்தாது, உலோகம் கண்டறியும் வாயிலில் சத்தம் போடாது, ஆனால் அதே வலிமைக்குத் தடிமன் கூடுதலாக வேண்டும். இரண்டும் 200 ஜூல் சோதனையில் தேறியிருந்தால் பாதுகாப்பில் ஏற்றத்தாழ்வு பார்க்கத் தேவையில்லை. பெரிய எடை விழுந்தால் இரும்பு மடங்கி விரலையே வெட்டிவிடும் என்று ஒரு பேச்சு பட்டறைகளில் உலவுகிறது. அந்தக் கவசத்தையே மடக்கும் எடை வெறும் விரல்மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டால் அந்தப் பேச்சு அடங்கிவிடும். ஒன்றை மட்டும் கவனிக்கவேண்டும்: விரல் கவசம் விரலை மட்டுமே மூடுகிறது. மேலூர்ச் சாலையோரக் கல் அறுக்கும் பட்டறைகளில் பலகைக் கல் சரிந்தால் அதன் விளிம்பு விழுவது பெரும்பாலும் விரலுக்குப் பின்னாலிருக்கும் புறங்காலில். அங்கே எம். என்ற குறியீட்டோடு, புறங்காலுக்கும் கவசம் வைத்த காலணி தேவை. நம் கடைகளில் அது கையிருப்பில் கிடைப்பது அரிது. சொல்லிவைத்து வரவழைக்கத்தான் வேண்டும். குவாரியாக இருந்தால் பாதுகாப்புக் காலணியை நிர்வாகமே இலவசமாகக் கொடுக்கவேண்டும் என்பது 1961-ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க விதிமுறைகளிலேயே உள்ளது.

மின்சாரம் தொடர்பான குழப்பம் எல்லாவற்றிலும் ஆபத்தானது. காலணியின் பாதுகாப்பு வகையைக் காட்ட எஸ்.1, எஸ்.2, எஸ்.3 என்று குறித்த காலணிகள் அனைத்தும் ஆன்டிஸ்டாட்டிக் வகையைச் சேர்ந்தவை. அதாவது உடலில் சேரும் நிலைமின்னைத் தரைக்குக் கசியவிடும்படி, 100 கிலோ ஓம் முதல் 1000 மெகா ஓம் வரையிலான மின்தடை உடையவை. ஷாக் அடிக்காமல் காப்பதற்கான மின்காப்புக் காலணியின் நோக்கம் இதற்கு நேர் எதிரானது. அது மின்சாரத்தைத் தரைக்குப் போகவிடாமல் தடுக்கவேண்டும். ஆனால் விற்பனையாளர்களில் சிலர் "ஷாக்கும் அடிக்காது, எல்லாவற்றுக்கும் ஆகும்" என்று ஒரே காலணியை எலக்ட்ரீஷியனுக்கும் பெயின்ட் தெளிப்பவருக்கும் நீட்டுகிறார்கள். பெயின்ட், தின்னர் ஆவி சூழ்ந்த அறைக்கு ஆன்டிஸ்டாட்டிக். மின்பலகையைத் திறந்து வேலை செய்பவருக்கு, எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்று குறிக்கப்பட்ட மின்காப்புக் காலணி. முனையில் இரும்பு இல்லை, காம்போசிட்தான் என்பதால் மட்டும் ஒரு காலணி மின்காப்பு ஆகிவிடாது. மதுரைக்குத் தெற்கே சிவகாசி வட்டாரப் பட்டாசு ஆலைகளின் மருந்து அறைகளில் கணக்கு இன்னும் கடுமையானது. அங்கே நிலைமின் துளியும் தங்கக்கூடாது. தரையில் உரசிப் பொறி கிளப்பும் இரும்பு ஆணியோ லாடமோ அடித்த காலணி வாசற்படி தாண்டவே கூடாது. பட்டறைக் காலணிகளில் எவ்வளவு உயர்ந்தது வாங்கியிருந்தாலும் அந்த அறைக்குள் அதைப் போட்டுச் செல்லலாமா என்பதை ஆலையின் பாதுகாப்புப் பொறுப்பாளர்தான் முடிவு செய்யவேண்டும்.

ஈரத்தில் நிற்பவர்களுக்குத் தோல் காலணியா, கம்பூட்டா? சாயம் போடும் இடங்களிலும், பால் பண்ணைகளின் கழுவுமிடங்களிலும், கான்கிரீட் கொட்டும்போதும் கம்பூட்தான். ஈரச் சிமென்ட் காரத்தன்மை உடையது. தோலை விறைக்க வைத்து வெடிக்கச் செய்வதோடு, உள்ளே கசிந்தால் கால் தோலையும் புண்ணாக்கும். அலசும் தண்ணீரும் சாயத்தில் கலக்கும் காரமும் அப்படியே. ஆனால் கடைகளில் கிடைக்கும் கம்பூட்டுகளில் பெரும்பாலானவை வெறும் தண்ணீர் காப்பவை; விரல் கவசமும் நடுத்தகடும் கிடையாது. இரண்டும் வேண்டுமென்றால் எஸ்.5 குறியீடு பார்க்கவேண்டும். எஸ்.4-இல் கவசம் உண்டு, தகடு இல்லை. கால்வாய் தூர்வாரும் இடத்தில் உடைந்த கண்ணாடியும் கம்பியும் கிடக்கும் என்பதால், மாநகரத் துப்புரவுப் பணியாளருக்குச் சாதாரணக் கம்பூட்டைக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்ததாக ஒப்பந்ததாரர் கருதுவது ஏற்கத்தக்கதன்று. கம்பூட்டின் பெருங்குறை வியர்வை. மதுரைக் கோடையில் உள்ளே ஊறிய கால் சேற்றுப்புண்ணுக்கு நல்ல விளைநிலம். ஆகவே ஆளுக்கு இரண்டு ஜோடி பருத்தி சாக்ஸும், நண்பகலில் மாற்றிக்கொள்ள இடமும் கொடுக்க முடியாத நிர்வாகம் கம்பூட் வாங்கியும் பயனில்லை. நாள் முழுதும் தண்ணீரில் நிற்காமல் அவ்வப்போது மட்டும் நனைபவருக்கு எஸ்.3 வகைத் தோல் காலணி மேல். அது ஓரளவு ஈரத்தைத் தடுக்கும், காற்றையும் விடும்.

வியர்வையைச் சொல்லும்போது, இப்போது இளைஞர்கள் விரும்பி வாங்கும் ஸ்போர்ட்ஸ் ஷூ வடிவப் பாதுகாப்புக் காலணியையும் எடைபோட வேண்டும். வலைத்துணி மேற்பகுதி, காம்போசிட் கவசம், இழைத் தகடு என எல்லாம் எடை குறைந்தவை. கிடங்கிலும் பொருள் கட்டும் பிரிவிலும் ஆயத்த ஆடை ஆலையிலும் இதைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. மாட்டிக்கொள்ள ஆட்கள் தாமாகவே முன்வருவார்கள் என்பது பெரிய ஆதாயம். வெல்டிங் பக்கம் மட்டும் வரக்கூடாது. ஒரு பொறி வலைத்துணியைத் துளைத்துக்கொண்டு சாக்ஸுக்குள் போய்விடும். வெல்டருக்குக் கணுக்கால் மூடிய, லேஸ் இல்லாத, தோல் காலணியே சரி. கால்சட்டையும் அதன்மேல் விழுந்து மூடவேண்டும், உள்ளே செருகப்படக் கூடாது.

லேஸ் பற்றி நம் ஊருக்கே உரிய ஒரு கணக்கு உண்டு. சாமி படம் மாட்டிய மூலையைக் கடக்க, சாப்பாட்டுக்கு உட்கார, கணக்குப்பிள்ளை அறைக்குள் நுழைய என்று ஒரு தொழிலாளி நாளில் பலமுறை காலணியைக் கழற்றுகிறார். லேஸ் கட்டும் வகையைக் கொடுத்தால் இரண்டாம் நாளே குதிகால் பக்கத்தை மிதித்து மடக்கிச் செருப்பாக்கிவிடுவார். பின்கட்டு உடைந்த காலணி காலைப் பிடிப்பதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் பக்கவாட்டில் இழுவைப்பட்டி வைத்து, லேஸ் இல்லாமல் மாட்டும் வகையை வாங்குவது அறிவு. ஏணி, சாரம் ஏறுபவருக்கு மட்டும் லேஸும் கணுக்கால் உயரமும் வேண்டும். கரடுமுரடான தரையில் கால் பிசகாமல் இருக்கவும் அது உதவும்.

அளவில் ஒரு சொல். சிறுவயது முதல் செருப்போடும் வெறுங்காலோடும் நடந்த பாதம் முன்பக்கம் அகன்றிருக்கும். அதை ஒடுங்கிய முனைக்குள் திணித்தால் சுண்டுவிரலில் ஆணிக்கால் வரும்; தோலைப்போல் இரும்புக் கவசம் நாளடைவில் விரிந்துகொடுக்காது. நீளத்தில் ஓர் எண் கூட்டி வாங்குவதால் இது தீராது, குதிகால் வழுக்கும். அகலமான வார்ப்பில் செய்த மாதிரியையே கேட்க வேண்டும். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், வேலைக்குப் போடும் சாக்ஸோடு அணிந்து பார்ப்பது நல்லது. பெண் தொழிலாளர்களுக்கு 3, 4, 5-ஆம் அளவுகளைக் கடைக்காரர் வைத்திருப்பது குறைவு. ஆண்கள் அளவில் சிறியதைக் கொடுத்துப் பஞ்சு அடைத்துக்கொள்ளச் சொல்வது பாதுகாப்பு ஆகாது. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குக் கவசத்தின் விளிம்பு உரசி ஏற்படும் புண் தெரியாமலே ஆழமாகிவிடும் என்பதால், அவருக்கு வாங்குமுன் மருத்துவரிடம் கேட்டுவிடுவதும், வேலை இயலுமானால் கனப்பொருள் இல்லாத பிரிவுக்கு மாற்றிக் கவசமில்லாத காலணி கொடுப்பதும் தகும்.

விலையைப் பார்த்தால், முத்திரையுள்ள பி.யு. சோல் காலணி ஏறத்தாழ ஆயிரம் ரூபாயிலிருந்து தொடங்குகிறது. நைட்ரைல் சோலுக்கும் காம்போசிட் வகைக்கும் அதைப்போல் இருமடங்கு வரை போகலாம். இந்த வேறுபாட்டை அஞ்சி எல்லோருக்கும் ஒரே காலணியை மொத்தமாக வாங்கும் உரிமையாளர் உண்மையில் பணத்தை மிச்சப்படுத்துவதில்லை; வெல்டரின் பி.யு. சோல் சில வாரங்களில் குழிவிழ, அவருக்கு மட்டும் ஆண்டில் மூன்று ஜோடி வாங்க நேர்ந்தால் நைட்ரைல் விலை அங்கேயே கரைந்துவிடும். கப்பலூரில் லேத்தும் வெல்டிங்கும் சேர்ந்து நடக்கும் ஒரு பட்டறைக்கு நான் வாங்குவதானால், லேத்தில் நிற்பவர்களுக்கு இரட்டை அடர்த்தி பி.யு. சோலும் நடுத்தகடும் உள்ள எஸ்.1.பி., வெல்டர்களுக்கு எச்.ஆர்.ஓ. குறியீடுள்ள நைட்ரைல் சோலும் லேஸில்லாத தோல் மேற்பகுதியும், பொருள் ஏற்றி இறக்கும் உதவியாளர்களுக்குக் காம்போசிட் கவசமுள்ள இலகுவான வகை என்று மூன்றாகப் பிரிப்பேன். எஸ்.3-ஐ எல்லோருக்கும் கொடுக்கலாமே என்பவர்களுக்கு: ஈரமில்லாத பட்டறையில் நீர் தடுக்கும் மேற்பகுதி வியர்வையைத்தான் கூட்டும்.

கவசத்தின்மேல் ஒருமுறை பெரிய அடி விழுந்துவிட்டால், வெளியே கீறல்கூடத் தெரியாவிட்டாலும் அந்த ஜோடியை மாற்றிவிட வேண்டும். இரும்பு மடங்கியிருக்கும், காம்போசிட்டாக இருந்தால் உள்ளே விரிசல் விட்டிருக்கும், அடுத்த அடியை அது தாங்காது. சோலின் பள்ளங்கள் தேய்ந்து தரையோடு சமமானாலும், நடுத்தகட்டின் விளிம்பு கண்ணுக்குத் தெரிந்தாலும் அப்படியே. புதிய ஜோடிகளை ஆறு மாதத் தேவைக்கு மேல் வாங்கி அடுக்கவேண்டாம். அடுக்குவதானாலும் பட்டறையின் ஈர மூலையில் வைக்காமல், காற்றோட்டமான அலமாரியில், பழைய தயாரிப்புத் தேதி முன்னால் வரும்படி வைக்கவேண்டும்.